குளம் நிறைந்தால் போதுமா?

அவிநாசியில் எந்த பேக்கரியில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தாலும் பேச்சு குளத்துக்கு வந்துவிடும். அறுபது ஆண்டுக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருந்த அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கியது. காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் மிகும் நீரில் ஆண்டுக்கு 1.5 டிஎம்சியை மேலேற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகும் திட்டம். "குளந்தான் ரொம்பிருச்சுங்களே, இனிப் பறவைக்கு என்ன குறை?" என்று கேட்கிறார்கள். கல்லூரியில் பகுதி நேர ஆசிரியராக நான் நடத்தும் உயிரினப் பாதுகாப்புப் பாடத்தை இந்த ஒரு கேள்வியை வைத்தே நடத்திவிடலாம்.

அந்தப் பாடம் அடங்கிய சூழலியல் தாள் எல்லாக் கல்லூரிகளுக்கும் வந்ததற்கு ஒரு வழக்கு காரணம். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. அதனால்தான் பி.காம். படிக்கும் பெண்ணும் ஆடை வடிவமைப்பு படிக்கும் பையனும் இந்தத் தாளை எழுதுகிறார்கள். பாதிப் பேர் வகுப்பு முடிந்ததும் பனியன் கம்பெனிக்கு ஓடுகிறவர்கள். கிடைக்கும் கொஞ்ச நேரத்தில் வரையறைகளை எழுதிப்போட்டு முடிப்பதுதான் வழக்கம்: வாழிடத்திலேயே காப்பது, வாழிடத்துக்கு வெளியே வைத்துக் காப்பது.

இரண்டுக்கும் திருப்பூர் மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. உடுமலைப் பக்கம் அமராவதி அணையருகே 1970களில் தொடங்கிய முதலைப் பண்ணை, வெளியே வைத்துக் காப்பதற்கு உதாரணம். அவிநாசிப் பிள்ளைகளுக்கு முதலை அந்நியமில்லை. முதலை விழுங்கிய சிறுவனைச் சுந்தரர் மீட்டுத் தந்த கதை இந்த ஊர்க் கதை. அந்த முதலை இனத்தை இன்று எங்கே பார்க்கலாம் என்று கேட்டால் பின் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

வாழிடத்திலேயே காப்பதற்கு நஞ்சராயன் குளம். சர்க்கார் பெரியபாளையத்தில் ஏறத்தாழ 125 ஹெக்டேர் பரப்பு. 2022-ல் தமிழகத்தின் 17-ஆவது பறவைகள் சரணாலயமானது. ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த அறிவிப்பும் அத்திக்கடவு நீர் தொடங்கிய அதே 2024 ஆகஸ்டில் வந்தது. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அங்கே இறங்குவதுண்டு.

இனி கேள்விக்கு வருவோம். கொசு உள்ளான் என்றொரு பறவை. குருவியைவிடப் பெரிதாக இராது. எடை 25 கிராம் அளவில். ஆர்க்டிக் பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம் குளங்களுக்கு வருகிறது. அதன் கணுக்கால் நீளம் இரண்டு சென்டிமீட்டர்தான். நீந்தி மேயாது, முங்கி மேயாது. ஈரச் சேற்றில் நடந்துகொண்டே, ஊசி மாதிரி அலகைக் குத்திக் குத்திப் புழு பொறுக்கும். முழங்கால் ஆழத் தண்ணீர் அதற்குக் கடல்தான். பவளக்கால் உள்ளானுக்குக் கால் நீளம் என்பதால் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். அதற்கப்பால் நாரையும் கொக்கும். நடு ஆழத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும்.

ஆகவே பறவைக்கு வேண்டியது தண்ணீர் மட்டும் இல்லை, பல ஆழத்தில் தண்ணீர். கரையைச் செங்குத்தாக வெட்டி, அடியை ஒரே மட்டமாகத் தூர்வாரி, ஆண்டு முழுக்க விளிம்புவரை நிரப்பி வைத்தால் நீர்க்காகம் இருக்கும். உள்ளான் வந்த வழியே போய்விடும். நீர் மெல்ல வற்றும்போதுதான் சேறு தெரியும், மீன் ஒதுங்கும், நாரை கூடும். கரை காய்ந்தால் ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடும். வற்றுவதும் குளத்தின் வேலைதான்.

விவசாயிக்கு வந்த தண்ணீரைக் குறை சொல்லவில்லை. கிணறு ஊற வேண்டும். அந்தத் தவிப்பு எனக்குத் தெரியும். ஆனால் 1,045 குளங்களும் ஒரே நாளில் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டிய அவசியம் இல்லை. ஒன்று நிறைந்திருக்க, பக்கத்துக் குளம் வற்றிக்கொண்டிருந்தால் பறவை இங்கிருந்து அங்கே பறந்துகொள்ளும். தூர்வாரும்போது ஒரு பக்கக் கரையையாவது சரிவாக விட்டால் போதும். செலவில்லாத யோசனை இது.

எவ்வளவு சரிவு, எந்த மாதம், எந்தக் குளம் என்று முழுதாகத் தெரிந்துகொண்டு செய்யலாமே என்பார்கள். 1985-ல் உயிரியலாளர் மைக்கேல் சூலே உயிரினப் பாதுகாப்புத் துறைக்கு இலக்கணம் எழுதியபோதே, எல்லாம் தெரியும்வரை காத்திருக்க முடியாத துறை இது, நெருக்கடியில் முடிவெடுக்கும் துறை என்றார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு முடிவெடுக்கச் சொல்லவில்லை. பறவைகளை எண்ணிக் கணக்கு வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைத் திருப்பூர்ப் பிள்ளைகளுக்கு விளக்க நான் கஷ்டப்பட்டதே இல்லை. சரக்கு கப்பலேறுமுன் ஃபைனல் இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறவர் எல்லாப் பெட்டியையும் பிரிப்பதில்லை. ஆனால் எத்தனை பெட்டி, எந்த முறையில் என்பது ஒவ்வொரு தடவையும் ஒன்றுதான். அதனால்தான் போன லாட்டையும் இந்த லாட்டையும் ஒப்பிட முடிகிறது. பறவைக் கணக்கும் அப்படித்தான்: அதே குளம், அதே கரை, அதே நேர அளவு. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இலிருந்து ஜனவரிதோறும் நடப்பதன் பலம் அந்த ஒழுங்கில் இருக்கிறது.

தமிழ்ப் பறவை ஆர்வலர்கள் பொங்கல் விடுமுறையில் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் சேரலாம், பட்டம் வேண்டாம். உங்கள் ஊர்க் குளக்கரையில் வீட்டுப் பிள்ளைகளோடு பதினைந்து நிமிடம் நின்று, தெரிந்த பறவைகளை எண்ணி எழுதுங்கள். அன்றைக்குத் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றது, சேறு தெரிந்ததா என்பதையும் மறக்காமல் குறித்து வையுங்கள்.