சாரலோடு தொடங்கும் கூடு கட்டும் காலம்

குற்றாலத்தில் சீசன் என்றால் எல்லாருக்கும் அருவிதான் நினைவுக்கு வரும். ஜூனில் சாரல் விழத் தொடங்கியதுமே மெயின் அருவியிலும் ஐந்தருவியிலும் கூட்டம் நெரியும். அதே நாட்களில் இலஞ்சி, சுந்தரபாண்டியபுரம் பக்கத்து வயல்வெளிகளில் பறவைகளின் சீசனும் களைகட்டுகிறது. பனைமட்டைகளிலும் கிணற்றின் மேல் சாய்ந்த முள்மரங்களிலும் தூக்கணாங்குருவிகள் கூடு பின்னத் தொடங்குகின்றன.

பறவை பார்க்கப் பலரும் புறப்படுவது ஜனவரியில். வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள் அப்போது குளங்களில் நிறைந்திருக்கும். தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011-இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் குளிர்காலத்தில்தான் நடக்கிறது. ஆனால் அந்த வாத்துகள் இங்கே முட்டையிடுவதில்லை. உள்ளூர்ப் பறவைகள் இணை தேடிக் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்கச் சாரல் காலமே தோது.

காரணம் தண்ணீர். தென்மேற்குப் பருவமழை மலையில் பெய்ததும் சிற்றாறு பெருகுகிறது. கால்வாய் வழியே குளங்களுக்கு நீர் வருகிறது. கார் நெல் நடவு தொடங்குகிறது. நெல்லோடு வெட்டுக்கிளியும் புழுவும் பெருகும். தானியம் தின்னும் தூக்கணாங்குருவிகூடக் குஞ்சுகளுக்குப் பூச்சிகளைத்தான் ஊட்டும். கூட்டுக்கு வேண்டிய நாரையும் அந்த வயலே தருகிறது.

மஞ்சள் தலையும் கருத்த முகமுமாக ஆண் குருவி நெற்பயிரில் வந்து அமர்கிறது. தோகையின் ஓரத்தை அலகால் நறுக்கி, நறுக்கிய முனையைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பறக்கிற வேகத்தில் ஒரு நீளமான நார் கிழிந்து கூடவே வந்துவிடுகிறது. 20 முதல் 60 செ.மீ. வரை நீளமுள்ள இத்தகைய நார்களைச் சுமந்து, ஒரு கூட்டுக்காக 500 தடவை வரை பறக்க வேண்டியிருக்கும். முழுக் கூடும் முடிய ஏறத்தாழ 18 நாள். பாதி வேலையில், கவிழ்த்த ஹெல்மெட் போலக் கூடு நிற்கும்போது பெண் குருவிகள் வந்து சோதிக்கின்றன. ஒன்றுக்குப் பிடித்துவிட்டால்தான் ஆண் நுழைவுக் குழாயைப் பின்னி முடிக்கும். பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். ஓர் ஆண் இப்படி அடுத்தடுத்துப் பல கூடுகள் கட்டி, பல பெண்களோடு இணை சேரும் என்பதைப் பறவையியலாளர் சாலிம் அலி மகாராஷ்டிரத்தின் கிஹிம் கிராமத்தில் கவனித்து, 1931-இல் எழுதினார்.

தென்காசிக் கோயிலின் கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் மேல்காற்றைக் குருவியும் கணக்கில் வைத்திருக்கிறது. தென்மேற்குக் காற்றுக்கு மறைவாக, மரத்தின் கிழக்குப் பக்கத்தில்தான் கூடுகள் பெரும்பாலும் தொங்கும். அனுபவமில்லாத இளங்குருவிகளே கண்ட இடத்தில் கட்டும். கூட்டுக்குள் அப்பியிருக்கும் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கேற்றும் என்பது வெறும் கதை. களிமண் இருப்பது மட்டும் உண்மை.

ஓர் ஆண் பல பெண்களோடு சேரும் தூக்கணாங்குருவியின் வழக்கத்துக்கு நேர்மாறு, குளத்தில் நடப்பது. தாமரையும் அல்லியும் படர்ந்த இடங்களில் நீளவால் இலைக்கோழி, நீண்ட விரல்களை விரித்து இலைமேல் நடக்கும். இனப்பெருக்க காலத்தில்தான் அதற்கு அந்த நீண்ட வால் முளைக்கிறது. பெண் நான்கு முட்டையிட்டதும் அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் ஆணின் பொறுப்பு. மிதக்கும் தழைமேல் முட்டைகள் இருப்பதால், பரிசலோ ஆட்களோ நெருங்கினால் ஆபத்து. கரையில் நின்று பைனாகுலரில் பார்ப்பதே நல்லது.

ஊர் மக்கள் மனம் வைத்தால் பறவைகள் பிழைக்கும் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரில் கோயிலைச் சுற்றியுள்ள மருத மரங்களில் நாரைகளும் கொக்குகளும் தங்குகின்றன. மக்கள் காத்துவந்த அந்த இடம் 2005-இல் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தூக்கணாங்குருவிக்கு வேண்டியது பனை. மாவட்ட ஆட்சியரின் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. வயலோரப் பனை வைத்திருப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். சீசன் முடிந்ததும் வெறுங்கூடுதானே என்று அறுத்து வந்து வீட்டில் அழகுக்குத் தொங்கவிடுவதும் வேண்டாம். குருவி விட்டுப்போன கூடுகளில் வெண்தொண்டைச் சில்லைகள் குடியேறி முட்டையிடுகின்றன.