உம்மாவின் அலுமாரியும் மகனின் ஒலிவாங்கியும்

"உம்மா, அந்த ஃபேனைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க. குசினிக் கதவையும் சாத்துங்க. அஞ்சே நிமிஷம்!"

விடுமுறை நாளில் உங்கள் வீட்டு அறையிலிருந்தும் இப்படியொரு குரல் வருகிறதா? எங்கள் வீட்டில் வந்தது. எட்டிப் பார்த்தேன். அலுமாரிக் கதவு இரண்டும் திறந்து கிடந்தன. என் சாரிகளுக்கும் ஹபாயாக்களுக்கும் முன்னால் ஒலிவாங்கி ஒன்று நின்றது. கட்டில் மெத்தை சுவரில் சாய்ந்திருந்தது. வியர்த்து வழிய நடுவில் நின்றான் மகன்.

"என்ன மகன் இது? வீட்டையே தலைகீழாக்கி வெச்சிருக்கிறீங்க?"

"ஸ்டூடியோ உம்மா" என்றான்.

கோபம் வந்தது உண்மைதான். அவனை உட்கார வைத்து விவரம் கேட்ட பிறகு கோபம் போய் வியப்பு வந்தது. வீட்டிலிருந்தே பாடிப் பதிவு செய்யும் பிள்ளைகள் இன்று எத்தனையோ பேர். அவர்கள் கேட்பதெல்லாம் என்ன, எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று தாய்மாரும் தெரிந்திருப்பது நல்லதல்லவா?

இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பது நாம் அறிந்ததே. அதற்குள் இக்கட்டுரை போகவில்லை. கருவியில்லாமல் குரலால் மட்டும் பாடும் கஸீதாவாக இருந்தாலும், கிராஅத்தாக இருந்தாலும், பாட்டி சொல்லும் கதையாக இருந்தாலும் பதிவு செய்யும் முறை ஒன்றுதான்.

வீட்டுக்குள் வந்த கலையகம்

ஒரு காலத்தில் ஒலிப்பதிவு என்றால் வானொலி நிலையத்துக்கோ பெரிய கலையகத்துக்கோ போக வேண்டும். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கலைஞர் லெஸ் பால். ஹொலிவூட்டில் தம் வீட்டு வாகனக் கொட்டிலையே கலையகமாக்கி, தாமே வாசித்த கிட்டார் ஒலிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து 1948இல் இசைத்தட்டு வெளியிட்டார். பின்னர் அவர் மனைவி மேரி ஃபோர்டின் குரலையும் அவ்வாறே அடுக்கினார். கேட்பவர்களுக்குப் பல பெண்கள் சேர்ந்து பாடுவது போலிருக்கும். பாடியவர் ஒருவரே!

1979இல் டியாக் நிறுவனம், சாதாரண ஒலிநாடாவில் நான்கு தடங்களைத் தனித்தனியே பதியும் சிறு கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜேர்சியிலுள்ள வாடகை வீட்டின் படுக்கையறையில் அதை வைத்துப் பாடல்களைப் பதிந்தார். மாதிரிக்காகத்தான் பதிந்தார். பின்னர் குழுவினரோடு கலையகத்தில் மீண்டும் பாடிப் பார்த்தார். படுக்கையறையில் இருந்த உயிர் அதில் வரவில்லை. கடைசியில் அந்த ஒலிநாடாவே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக அதே ஆண்டில் வெளிவந்தது.

இன்று அந்தக் கருவியும் தேவையில்லை. கணினியொன்று போதும். அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் 2019இல் வெளியிட்ட முதல் தொகுப்பு, லொஸ் ஏஞ்சலிஸில் பெற்றோரின் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில் உருவானது. 2020இல் அதற்கு ஆண்டின் சிறந்த தொகுப்புக்கான கிராமி விருதும் கிடைத்தது.

ஒரு தாயின் நகை

இவற்றையெல்லாம் விட நம் மனதைத் தொடுவது சென்னைக் கோடம்பாக்கத்துக் கதை. ஏ. ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயதிலேயே தந்தை ஆர். கே. சேகர் காலமானார். தந்தை விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்குக் கொடுத்து அந்தக் குடும்பம் நாட்களைத் தள்ளியது. பிறகு ரஹ்மான் வீட்டோடு சேர்ந்தாற்போல் சிறு கலையகம் ஒன்றைக் கட்டினார். கட்டி முடித்தபோது உள்ளே குளிரூட்டியும் ஒரு தட்டும் தரைவிரிப்பும்தான் இருந்தனவாம். கருவி வாங்கக் கையில் காசில்லை. தாயார் கரீமா பேகம் தம் நகைகளைக் கொடுத்தார். அந்தக் காசில்தான் முதல் ஒலிப்பதிவுக் கருவி வந்தது. இதை ரஹ்மானே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1992இல் வெளியான 'ரோஜா' படப் பாடல்கள் அந்த வீட்டுக் கலையகத்தில் உருவானவை. 2009இல் மகன் இரண்டு ஒஸ்கார் விருதுகள் பெற்றதையும் கண்ட அந்தத் தாய், 2020 டிசம்பரில் காலமானார்.

இதைப் படித்துவிட்டு வளையலைக் கழற்ற ஓடாதீர்கள் சகோதரிகளே! அன்று அந்தக் கருவிகள் மிகுந்த விலை. அவை இல்லாமல் தொழிலே இல்லை. இன்று பிள்ளை தொடங்குவதற்கு வேண்டியதில் பெரும்பகுதி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

மெத்தை, சாரி, பூத்தையல் வளையம்

வெறும் அறையில் நின்று கைதட்டிப் பாருங்கள். 'டங்' என்று திரும்பி ஒலிக்கும். சீமெந்துச் சுவரும் தரை ஓடும் ஒலியைத் திருப்பி அடிப்பதே காரணம். இந்த எதிரொலி குரலோடு சேர்ந்து பதிவாகிவிட்டால் பிறகு பிரித்தெடுப்பது மிகக் கடினம். மெத்தை, தடித்த திரைச்சீலை, போர்வை, துணி நிறைந்த அலுமாரி ஆகியவை ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். மகன் என் அலுமாரியைத் திறந்து வைத்ததன் இரகசியம் இதுதான்!

ஒன்றை மறக்கக்கூடாது. போர்வை அறையின் எதிரொலியைக் குறைக்குமே தவிர, வீதியில் போகும் முச்சக்கர வண்டியின் சத்தத்தைத் தடுக்காது. அதற்கு அமைதியான நேரம்தான் மருந்து. சுபஹுக்குப் பிந்திய வேளை நல்லது. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டினால் போதும் என்பார்கள். அதனால் பெரிய பயனில்லை. தீப்பற்றும் ஆபத்தும் உண்டு. அனுமதிக்காதீர்கள்.

ஒலிவாங்கிக்கும் வாய்க்கும் இடையே ஒரு சாண் தூரம் இருக்கட்டும். 'ப' என்ற எழுத்தைச் சொல்லும்போது வாயிலிருந்து காற்று வெடித்து ஒலிவாங்கியில் மோதும். இதைத் தடுக்கக் கடையில் விற்கும் வடிகட்டியை வாங்க வேண்டியதில்லை. பூத்தையல் வளையத்தில் பழைய நைலோன் காலுறையை இழுத்துப் பூட்டி முன்னால் வைத்தால் அதே வேலையைச் செய்யும்.

பதியும்போது கணினித் திரையில் அளவுகோல் சிவப்பைத் தொடக்கூடாது. தொட்டால் ஒலி கிழிந்துவிடும். கிழிந்ததைத் தைக்க முடியாது. மெதுவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம்.

கலப்பதும் சமையலும்

பதிந்த பிறகு வருவது 'மிக்ஸிங்' எனும் ஒலிக்கலவை. மகன் விளக்கியபோது எனக்குக் கறிச்சட்டிதான் ஞாபகம் வந்தது. குரல் ஒரு தடத்தில், துணைக்குரல் இன்னொன்றில், தப்ஸ் மற்றொன்றில் என்று எல்லாம் தனித்தனியே கிடக்கும். எது முன்னால், எது பின்னால் என்று ஒவ்வொன்றின் சத்தத்தையும் அளந்து வைப்பதே முதல் வேலை. கலவையின் பெரும்பகுதி இதுதான். அடுத்து, ஒன்றை இடக்காதுக்கும் மற்றொன்றை வலக்காதுக்கும் சற்றே நகர்த்தினால் நெரிசல் தீரும். பிறகு குரலிலுள்ள அடித்தொண்டை முழக்கத்தைக் கொஞ்சம் வெட்டலாம். கடைசியில் சிறிது எதிரொலி சேர்க்கலாம். இது உப்பு மாதிரி. கூடினால் எல்லாம் கெட்டுப்போகும்.

ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளிலேயே இவ்வளவையும் செய்யலாம். செய்து முடித்ததை உடனே எவருக்கும் அனுப்பக்கூடாது. களைத்த காது ஏமாற்றும். மறுநாள் காலையில், குறைந்த சத்தத்தில், சாதாரணக் கைத்தொலைபேசியில் கேட்டுப் பார்க்க வேண்டும். அதில் சொற்கள் தெளிவாகக் கேட்டால் கலவை சரி.

காசும் காதும்

பிள்ளை கேட்டால் முதலில் வாங்க வேண்டியவை இரண்டு. கணினியில் நேரடியாகப் பொருத்தும் ஒலிவாங்கி ஒன்று. காதை முழுதாக மூடும் ஹெட்போன் ஒன்று. மூடாத ஹெட்போனானால் அதிலிருந்து கசியும் ஒலி ஒலிவாங்கிக்குள் போய்விடும். விலை உயர்ந்த கருவிகளை ஓராண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஆர்வம் நிலைக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஹெட்போனில் ஒரு எச்சரிக்கை. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது, சிறுவர்களுக்கு 75 டெசிபல்தான் எல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வரையறுத்தன. சத்தம் கூடக் கூட நேரம் குறைய வேண்டும். ஹெட்போன் போட்டிருக்கும் பிள்ளைக்கு நீங்கள் பக்கத்தில் நின்று பேசுவது கேட்கவில்லையென்றால் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். உட்காதின் நுண்மயிர்க் கலங்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

பாண்காரன் வந்த பாட்டு

ஒருநாள் மகன் என் உம்மாவை அந்த அலுமாரிக்கு முன் கதிரை போட்டு உட்கார வைத்தான். "உம்மம்மா, எங்கட உம்மா சின்னப் புள்ளையா இருக்கக்குள்ள பாடின தாலாட்டைப் பாடுங்க" என்றான். உம்மா வெட்கப்பட்டார். "இந்தக் கெழவிட கொரல் யாருக்கு மகன்?" என்றார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு பாடினார். நான் ஃபேனை நிறுத்தி, அடுப்பை அணைத்து, சின்னவளை மடியில் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன்.

பாதிப் பாட்டில் வீதியில் பாண் வண்டியின் மெட்டு கேட்டது. உம்மா பாட்டை நிறுத்தி, "பாண்காரன் வந்துட்டான், ரெண்டு பாண் எடுங்க மகள்" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அவர் திரும்பவும் விட்ட இடத்திலிருந்து பாடினார்.

மகன் அந்த இடத்தை வெட்டிவிடப் பார்த்தான். நான்தான் அப்படியே இருக்கட்டும் என்றேன். எட்டு மாதங்களின் பின் உம்மா மௌத்தானார். அல்லாஹ் அவருக்குச் சுவனத்தைத் தருவானாக. தாலாட்டின் சொற்கள் எனக்கு முன்பே மனப்பாடம். ஆனால் "ரெண்டு பாண் எடுங்க மகள்" என்ற அந்தக் குரலை இனி நான் வேறெங்கே கேட்பேன்?

உங்கள் வீட்டிலும் பழைய பாட்டுகளும் கதைகளும் தெரிந்த ஒரு மூத்தவர் இருப்பார். ஒலிவாங்கி வாங்கும்வரை காத்திருக்க வேண்டாம். கைத்தொலைபேசியைத் தலையணையின் மேல் வைத்து, ஃபேனை நிறுத்தி, அருகில் உட்கார்ந்து பாடச் சொல்லுங்கள். பதிந்ததை இரண்டு மூன்று இடங்களில் பிரதி எடுத்து வையுங்கள். அலுமாரி மூலையில் அவர்களின் குரல் பதிந்த பழைய ஒலிநாடா கிடந்தால், பூஞ்சணம் பிடித்து முற்றாகக் கெடுவதற்குள் அதையும் கணினியில் ஏற்றிவிடுங்கள். ஏற்றத் தெரியாவிட்டால் மெத்தையைச் சுவரில் சாய்த்து வைத்திருக்கும் பிள்ளையிடம் கேளுங்கள். சந்தோஷமாகச் செய்து தருவான்.