அளந்து வைத்தால் மீண்டும் ஓடும்

1967ஆம் ஆண்டின் பந்தயக் கார் ஒன்றை இன்று வீட்டு அறையில் அமர்ந்தபடியே ஓட்ட முடியும். ஒரு கணினி, மேசையில் பொருத்திய ஸ்டீயரிங், காலடியில் மூன்று பெடல்கள் இருந்தால் போதும். திரையில் விரிவது வெறும் படம் அன்று. வளைவில் வேகம் மிகுந்தால் காரின் பின்புறம் விலகுகிறது. கியரைப் பிழையாக மாற்றினால் எஞ்சின் சீறுகிறது. அக்காலத்து ஓட்டுநர் உணர்ந்தவற்றை இயன்றவரை அப்படியே தர முயலும் இத்தகைய மென்பொருளைச் சிமுலேட்டர் என்கின்றனர்.

கேளிக்கைப் பொருளாகத் தோன்றும் இதற்குள் ஒரு பெரிய செய்தி அடங்கியுள்ளது. மறைந்துபோன ஓர் இயந்திரத்தை மீட்டெடுக்க இரும்பு வேண்டியதில்லை. அதன் அளவுகளை எவரேனும் குறித்து வைத்திருக்க வேண்டும். இயந்திரங்களோடு பல தலைமுறைகளாக வாழ்ந்த கோலார் தங்கவயலை மனத்தில் கொண்டே இச்செய்தியை நாம் இங்கு எடுத்துரைக்கிறோம்.

இத்துறையில் ஒரு திருப்புமுனையாக அமைந்தது, அமெரிக்காவின் பேப்பிரஸ் நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரி லெஜன்ட்ஸ்’. 1967ஆம் ஆண்டின் பந்தயங்களை அது கணினிக்குள் கொண்டுவந்தது. அவ்வாண்டைத் தேர்ந்தெடுத்ததற்குப் பொருள் உண்டு. காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் அப்போது ஃபார்முலா ஒன் கார்களில் இடம்பெறவில்லை. பிடிப்பு முழுவதும் டயர்களையும் ஓட்டுநரின் கைகளையுமே சார்ந்திருந்தது.

அவ்வாண்டில் புகழ்பெற்ற கார் லோட்டஸ் 49. அதற்கான எஞ்சினை உருவாக்க ஃபோர்டு நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டு வழங்கியது. கீத் டக்வொர்த் வடிவமைத்த எட்டு சிலிண்டர் காஸ்வொர்த் எஞ்சின் காரின் உடலோடு நேரடியாக இணைக்கப்பட்டு, தானே காரின் பின்பகுதிச் சட்டமாகவும் விளங்கியது. 1967 ஜூன் 4 அன்று நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் களத்தில் முதன்முறையாக ஓடிய இக்காரில் ஜிம் கிளார்க் வெற்றி பெற்றார். அதே எஞ்சின் வகை பின்னர் மொத்தம் 155 கிராண்ட் பிரி வெற்றிகளை ஈட்டியது. ஆனால் தொடக்க காலத்தில் அதன் ஆற்றல் சீராகப் பெருகாமல், குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டியதும் திடீரெனப் பாய்ந்தது. சிறந்த சிமுலேட்டர் இக்குறையையும் மறைப்பதில்லை. குறையோடு சேர்ந்ததே அந்த இயந்திரம்.

ஒரு கார் எவ்வாறு எண்களாக மாறுகிறது? முதலில் அதன் எடையை அறிய வேண்டும். மொத்த எடை மட்டும் போதாது. நான்கு சக்கரங்களின் மீதும் தனித்தனியே எவ்வளவு பாரம் விழுகிறது என்பதும் தேவை. அடுத்து முன், பின் சக்கரங்களுக்கு இடையேயுள்ள தொலைவு, ஸ்பிரிங்குகளின் விறைப்பு, சஸ்பென்ஷன் தண்டுகள் பொருந்தும் இடங்கள், கியர்களின் விகிதங்கள், ஒவ்வொரு சுழற்சி வேகத்திலும் எஞ்சின் தரும் விசை ஆகியவற்றைத் திரட்ட வேண்டும். எஞ்சிய கார் ஏதேனும் இருந்தால் லேசர் கருவியால் அதன் வடிவத்தை அளக்கலாம். இவ்வெண்களைக் கொண்டு, கார் அடுத்த கணத்தில் எங்கே, எத்திசையில் இருக்கும் என்பதைக் கணினி இடைவிடாது கணக்கிடுகிறது. ‘ஐரேசிங்’ என்னும் சிமுலேட்டர் இக்கணக்கை வினாடிக்கு 360 முறை செய்கிறது.

இவற்றுள் மிகக் கடினமானது டயர். வளைவில் திரும்பும்போது சக்கரம் நோக்கும் திசைக்கும் அது செல்லும் திசைக்கும் இடையே சிறு கோணம் உண்டாகிறது. அக்கோணம் பெருகப் பெருகப் பிடிப்பும் கூடி, ஓர் எல்லையைக் கடந்ததும் குறையத் தொடங்குகிறது. நெதர்லாந்தின் ஹான்ஸ் பசேக்கா இந்நடத்தையைக் கணித வடிவில் தந்தார். அது ‘மந்திரச் சூத்திரம்’ என்றே வழங்கப்படுகிறது. எனினும் 1967இன் டயர்கள் இன்று புதிதாகக் கிடைப்பதில்லை. ஆகவே அக்காலத்துச் சுற்று நேரங்களே சான்றாகின்றன. சாண்ட்வோர்ட் தகுதிச் சுற்றில் கிரகாம் ஹில் இதே காரில் 1 நிமிடம் 24.6 வினாடியில் ஒரு சுற்றை முடித்தார். சிமுலேட்டரில் திறமையான ஒருவர் ஓட்டும்போதும் நேரம் அதனை ஒட்டி அமைய வேண்டும். பெரிதும் விலகினால் கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது. அன்று ஒருவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிவைத்த ஓர் எண், அரை நூற்றாண்டிற்குப் பின் தணிக்கையாளரின் பணியைச் செய்கிறது!

இனி நம் பக்கம் திரும்புவோம். தென்னகத்தின் பந்தய வரலாறும் சிறியதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் பல்லாண்டுகள் பந்தயக் களமாக விளங்கியது. பின்னர் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் நிலையான பந்தயப் பாதை அமைந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 காரின் மூன்று சிலிண்டர் எஞ்சினைக் கொண்டு ‘ஃபார்முலா மாருதி’ என்னும் ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை உருவாக்கினார். எளிதில் கிடைக்கும் உள்நாட்டு உதிரிபாகங்களால் பந்தயத்தின் செலவைக் குறைத்ததே அவரது பெருஞ்சாதனை. 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் தம் இளமையில் ஃபார்முலா மாருதி ஓட்டியவரே. கரிவரதன் 1995இல் விபத்தில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள பந்தயப் பாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பெயர் நிலைத்துவிட்டது. அக்காரை ஒரு சிமுலேட்டரில் உயிர்ப்பிக்க வேண்டுமாயின் பெயர் போதாது. அதன் ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பானது, எந்தக் கியர் விகிதம் எந்தக் களத்திற்குப் பொருத்தப்பட்டது, சோழவரத்தின் ஓடுதளத்தில் எந்த இடத்தில் கார் குலுங்கியது என்பனவெல்லாம் வேண்டும். இத்தகைய விவரங்கள் பட்டறை நோட்டுப் புத்தகங்களிலும், மெக்கானிக்குகளின் நினைவிலும் வாழ்பவை. நோட்டைக் கறையான் அரித்தாலும் நினைவு மங்கினாலும் மற்றொரு படி கிடைக்காது.

இவ்விடத்தில்தான் தங்கவயல் நம் நினைவிற்கு வருகிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் கால் பதித்த இம்மண்ணில், வடார்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகச் சுரங்கம் தோண்டின. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆட்களையும் தாதுவையும் ஏற்றி இறக்கிய வைண்டிங் எஞ்சினை இயக்கியவர், தாம் இயக்கும் கூண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மணியோசையையும் ஆழங்காட்டும் முள்ளையும் கொண்டே, உரிய மட்டத்தில் அதனை நிறுத்தினார். ஆழம் கூடக் கூடக் கம்பிவடம் நீளுவதையும், பாரத்திற்கேற்ப பிரேக் பிடிக்க வேண்டிய கணத்தையும் அவர் கை அறிந்திருந்தது. பந்தய ஓட்டுநரின் நுண்ணுணர்விற்கு இது சற்றும் குறைந்ததன்று.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இன்று மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயிலில் பிள்ளைகள் பெங்களூருவிற்கு வேலைக்குச் செல்கின்றனர். அவர்களுள் கணினித் துறையினரும் உளர். பாட்டனாரின் கையிலிருந்த அறிவும் பேரனின் கணினி அறிவும் ஒரே வீட்டில் இருக்கும் காலம் இது. இக்காலம் நீண்டதன்று. ஒரு லோட்டஸ் காரை மீட்ட அதே வழிமுறை ஒரு வைண்டிங் எஞ்சினையும் மீட்க வல்லது. உருளையின் விட்டம், வடத்தின் எடை, கூண்டின் பாரம், மணிக்குறிகளின் பொருள் ஆகியவை கிடைத்தால், இரண்டாயிரம் அடி ஆழத்திற்கு ஒரு கூண்டை இறக்குவது எத்தகைய பொறுப்பு என்பதை அடுத்த தலைமுறை தன் கையாலேயே உணரும்.

இதற்கு வாசகர்கள் செய்யக்கூடியவை எளியவை. வீட்டிலோ பட்டறையிலோ பழைய கார், மோட்டார் சைக்கிள், கருவி எதுவாயினும் அளவுகோலை அருகில் வைத்து எல்லாப் பக்கங்களிலிருந்தும் படமெடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு எடுத்த பல படங்களிலிருந்து முப்பரிமாண வடிவத்தை உருவாக்கும் மென்பொருள்கள் இன்று உள்ளன. நான்கு தராசுகள் கிடைத்தால் சக்கரத்திற்கு ஒன்றாக எடை காணுங்கள். ஸ்பிரிங்கின் மீது எடை தெரிந்த பொருளை வைத்து, எவ்வளவு அழுந்துகிறது எனக் குறியுங்கள். அவ்வியந்திரத்தை இயக்கிய பெரியவரைப் பேசவைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்பதைவிட “எத்தனை அடி, எத்தனை மணி, எந்தப் பக்கம்?” என்று கேட்பது மிகுந்த பயன் தரும். தேதியும் பெயரும் இட்டு, இரு படிகளை இரு வேறு இடங்களில் வையுங்கள். கைவிடப்பட்ட சுரங்கக் கட்டடங்களுக்குள்ளும் குழிகளின் அருகிலும் மட்டும் ஒருபோதும் செல்லற்க. அவை ஆபத்தானவை, அனுமதி வேண்டுபவை.

வரவும் செலவும் அன்றன்றே எழுதப்பட்டால்தான் ஆண்டிறுதியில் கணக்கு நேராகும் என்பது நம் வாடிக்கையாளர்கள் அறிந்ததே. இயந்திரங்களின் கணக்கும் அவ்வாறே. தங்கவயலின் ஒவ்வொரு தெருவிலும் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் உள்ளன. அவற்றை எழுதச் சொல்லித் தருவோர் நம்மிடையே இருக்கும்போதே பேனாவை எடுப்போம்.