கழியில் தோணி பிணித்தலும் பட்டினப்பாலை உவமையும்

உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கன் அடிப்படையில் தோன்றும் என்பது தொல்காப்பியர் கொள்கை. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், உப்பை விற்று நெல்லொடு மீண்ட பஃறிகள் பந்திக் குதிரைகளைப் போலக் கழிக்கரையில் பிணிக்கப்பட்ட காட்சியைப் பாடுகிறார். இவ்வுவமை எதன்பாற் பட்டது? வரிசையாக நிற்கும் தோற்றத்தை நோக்கி மெய்யுவமை என்பது எளிது. ஆயின் பிணித்தல் என்னும் வினையும் ஈண்டு ஆராயத்தக்கது.

திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஓடும் காவிரியில் நெடுங்காலமாக வழங்கியது பரிசல். மூங்கிலால் முடைந்து தோல் போர்த்த சிறு பரிசலை ஒருவரே சுமந்து செல்லலாம். கரையேற்றிக் கவிழ்த்து வைத்தால் காவல் முடிந்தது. அங்கு நீர்மட்டம் மழையாலும், 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பின்னர் அணை திறப்பாலும் மாறுவது. கடலோதம் அங்கு எட்டுவதில்லை. இத்தகைய உள்நாட்டு ஆற்றை மட்டும் அறிந்தவர்க்குப் பிணித்தல் என்பது இறுகக் கட்டுதலாகவே தோன்றும்.

கழியின் இயல்பு வேறு. ஓதம் ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். சோழநாட்டுக் கரையில் இவ்வேற்றம் உவா நாள்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவினதே. எனினும் சிறு தோணியைக் கெடுக்க அதுவே போதும். நீர் வற்றிய வேளையிற் குறுகக் கட்டினால், ஏற்றத்தின்போது தோணியின் முகப்பு அமிழ்ந்து நீர் புகும். அன்றேல் தறி பெயரும். நீர் நிறைந்தபோது குறுகக் கட்டினால், இறக்கத்தில் தோணி கயிற்றில் தொங்கிச் சாயும். மிக நெகிழ விட்டாலோ, நீரோட்டம் திரும்புந்தோறும் சுழன்று அயல் தோணியில் மோதும். ஆதலின் முன்னும் பின்னும் தறி நட்டு, நீரின் ஏற்ற இறக்கத்துக்கு வேண்டிய அளவே கயிறு விடுதல் தக்க முறையாகும். நெல்லேற்றிய பஃறிக்கு இது இன்றியமையாதது. நனைந்த நெல் முளைத்துக் கெடும்.

பந்திக் குதிரைக்கும் இஃது ஒக்கும். படுக்கவும் எழவும் அதற்குக் கயிறு இடந்தர வேண்டும். பக்கத்துக் குதிரையை நெருங்க விடுதல் ஆகாது. கயிற்றின் அளவைப் புலவர் கூறிற்றிலர்; அதனை அவர் கூற்றாக ஏற்றுதலும் முறையன்று. எனினும் உவமை மெய்யளவில் நில்லாது வினையிலும் பொருந்துகின்றது என்பது தெளிவு. நெய்தற் பாடல்களுக்குப் பொருள் காண்போர், சொல்லோடு அந்நிலத்து நீரின் இயல்பையும் அறிதல் வேண்டும்.