சொல்லுக்கு அடங்காத இறைவனும் சிதறிய மக்களும்: யூத சிந்தனையில் அறிவும் மறைஞானமும்

எம்மிடையே யூதர்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1948இல்தான் ஆரம்பிக்கிறது. நாடற்ற ஓர் இனம் நாடு பெற்றது என்பதோடு ஒப்பீடும் முடிந்துவிடுகிறது. அந்த நாட்டினால் நாடிழந்த பலஸ்தீனியர் இந்த ஒப்பீட்டில் இடம்பெறுவதில்லை என்பது ஒருபுறமிருக்க, அதற்கு முந்திய நூற்றாண்டுகளில் யூதர்கள் எவற்றைச் சிந்தித்தார்கள் என்பதிலும் நாம் அக்கறை காட்டுவதில்லை. அரசும் படையும் இல்லாத அக்காலத்தில் அவர்களுக்குள் நடந்த பெரும் விவாதங்களில் ஒன்று மெய்யியல் சார்ந்தது. இறைவனையும் அவனது சட்டத்தையும் பகுத்தறிவினால் விளங்கிக்கொள்வதா, மறைஞானத்தினால் அடைவதா என்பதே அது.

இதனை அறிவுக்கும் மூடநம்பிக்கைக்கும் இடையிலான சண்டையாகக் காண்பது எளிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியரான ஹைன்றிஷ் கிறேட்ஸ் அவ்வாறுதான் கண்டார். 'கப்பாலா' எனப்படும் மறைஞான மரபை அவர் வெறுப்போடுதான் எழுதினார். ஆனால் இவ்விரு மரபுகளும் ஒரே கேள்வியிலிருந்து, பல சமயங்களில் ஒரே நூலிலிருந்து, கிளைத்தவை.

அந்த நூலை எழுதியவர் மைமோனிடஸ். 1138ஆம் ஆண்டளவில் ஸ்பெயினின் கொர்டோபாவில் பிறந்தவர். 1148இல் அல்மொஹாத்துகள் அந்நகரைக் கைப்பற்றியபின் குடும்பம் இடம்பெயர்ந்தது. மொறோக்கோ, பலஸ்தீனம் வழியாக எகிப்தை அடைந்தது. குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது வணிகப் பயணத்தில் இந்து சமுத்திரத்தில் மூழ்கி இறந்தார். மைமோனிடஸ் மருத்துவரானார். காலையில் கெய்ரோ அரண்மனைக்குச் செல்வதையும், வீடு திரும்பினால் நோயாளர் கூட்டம் காத்திருப்பதையும், இரவில் பேசவும் வலுவின்றிக் கிடப்பதையும் 1199இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேலை முடிந்த களைப்போடு புத்தகத்தைத் திறக்கும் எம்மிற் பலருக்கு இது புதிதல்ல. இத்தகைய வாழ்வின் நடுவே, 1190 அளவில், 'குழம்பியோருக்கான வழிகாட்டி'யை அரபு மொழியில் எழுதி முடித்தார்.

அதன் இரண்டு கருத்துக்கள் எமக்கு முக்கியமானவை. முதலாவது, இறைவனுக்கு எந்தப் பண்பையும் ஏற்றிச் சொல்ல முடியாது என்பது. பண்புகளைச் சேர்த்தால் ஒருமை குலைந்து பன்மை வந்துவிடும். எனவே இறைவன் இன்னது அல்ல என்று மட்டுமே சொல்லலாம். எமது மரபின் 'நிர்க்குணம்' என்ற சொல் இங்கு நினைவுக்கு வரலாம். ஆனால் மைமோனிடஸ் அரிஸ்டோட்டிலின் வழிவந்த தர்க்கத்தினூடாக இந்த முடிவை அடைகிறார். இரண்டாவது, இறைவனின் கட்டளைகளுக்குக் காரணங்கள் உண்டு. அவற்றுட் சில வரலாற்றுக் காரணங்கள் என்பது. சுற்றியிருந்தோரின் பலி வழிபாட்டில் பழகிய மக்களை அதிலிருந்து ஒரேயடியாகப் பிரிக்க முடியாது. ஆகவே பலி கட்டுப்பாடுகளோடு அனுமதிக்கப்பட்டது என்று அவர் விளக்கினார்.

இவை இரண்டும் நெருக்கடியை உண்டாக்கின. எதுவும் சொல்ல முடியாத இறைவனிடம் எப்படி மன்றாடுவது? வரலாற்றுக் காரணத்தால் வந்த சட்டம், அந்தக் காரணம் மறைந்தபின் ஏன் கட்டுப்படுத்த வேண்டும்? நிலமற்ற மக்களுக்குச் சட்டமே நிலமாக இருந்தது. அதனால்தான் விவாதம் அவ்வளவு கடுமையாயிற்று. 1232ஐ ஒட்டித் தென் பிரான்சில் இந்நூலுக்குத் தடை விதிக்கப்பட்டது. 1305இல் பார்சலோனாவில், இருபத்தைந்து வயதிற்குட்பட்டோர் கிரேக்க மெய்யியலைப் படிக்கக்கூடாதென்று ரபி சொலமன் இப்ன் அத்ரெத் தடை விதித்தார்.

ஆயினும் அணிகள் நாம் எதிர்பார்ப்பதுபோல் அமையவில்லை. 1232இல் மைமோனிடஸின் நூலுக்கெதிரான தடையை நீக்கும்படி வடபிரான்சின் ரபிகளுக்கு எழுதிய நக்மனிடஸ் ஒரு மறைஞானி. எழுத்துக்களைச் சேர்த்தும் பிரித்தும் தியானம் செய்த ஆபிரகாம் அபுலாஃபியா 'வழிகாட்டி'க்கு மூன்று உரைகள் எழுதினார். கப்பாலாவின் தலையாய நூலான 'சோஹர்' உருவானதில் முதன்மைப் பங்கு உடையவராக ஆய்வாளர் கருதும் மோசஸ் த லியோனுக்காக 1264இல் 'வழிகாட்டி'யின் பிரதியொன்று எழுதப்பட்டது. மைமோனிடஸின் மகன் ஆபிரகாம் எகிப்தில் சூஃபி நெறியின் பால் ஈர்க்கப்பட்டு, யூத வழிபாட்டில் நெடுஞ்சாண்கிடையான வணக்கத்தை வலியுறுத்தினார். தந்தையின் நூலும் அதன் இறுதிப் பகுதியில், தனிமையில் இறைவனிலேயே மனத்தை நிலைநிறுத்தும் வழிபாட்டைத்தான் உச்சமாகக் காட்டுகிறது.

கப்பாலா செய்தது என்ன? 'ஐன் சோஃப்', அதாவது முடிவற்றது, பற்றி எதுவும் சொல்ல முடியாது என்பதை அது ஏற்றுக்கொண்டது. இதுவரை அது மைமோனிடஸுடன் சேர்ந்து நடக்கிறது. ஆனால் அந்த முடிவற்றதிலிருந்து ஞானம், கருணை, நீதி முதலான பத்து 'செஃபிரோத்' வெளிப்படுகின்றன என்றது. மனிதரின் ஒவ்வொரு செயலும் அவற்றின் இசைவைப் பாதிக்கிறது என்றது. ஓர் ஏழைப்பெண் ஓய்வுநாளில் ஏற்றும் விளக்குக்கும் பிரபஞ்சத்தில் வேலையிருக்கிறது! மெய்யியல் கற்றோருக்கு மட்டும் தந்த இடத்தை மறைஞானம் சாதாரண மக்களுக்கும் திறந்துவிட்டது. அதன் வலிமை இங்குதான் இருந்தது.

1492இல் யூதர்கள் ஸ்பெயினிலிருந்து வெளியேற்றப்பட்டனர். பதினாறாம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபெத் நகரம் கப்பாலாவின் மையமாயிற்று. 1570இல் அங்கு வந்து 1572இல் இறந்த ஐசக் லூறியா புதிய விளக்கமொன்றைத் தந்தார். உலகிற்கு இடம்விட இறைவன் தன்னுள் ஒடுங்கினான். ஒளியைத் தாங்கமாட்டாது பாத்திரங்கள் உடைந்தன. சிதறிய ஒளிப்பொறிகளைச் சேர்த்துச் செப்பனிடுவது மனிதரின் கடன். கெர்ஷொம் ஷோலெம் 1941இல் வெளிவந்த தமது நூலில் இதனை வெளியேற்றத்திற்கான ஆன்மீகப் பதிலாகக் கண்டார். இறைவனே நாடுகடந்தவனாகிறான். ஒரு வரலாற்று நிகழ்வோடு இதனை இவ்வளவு நேராக முடிச்சுப் போடமுடியாது என்று பின்னர் மோஷே இடெல் மறுத்தார். காரணம் எதுவாயினும், அகதி வாழ்வைத் தண்டனையாக மட்டுமன்றிப் பணியாகவும் காண இக்கோட்பாடு வழிசெய்தது.

அதன் மறுபக்கம் ஒரு நூற்றாண்டுக்குள் தெரிந்தது. 1665இல் சபத்தாய் செவி மீட்பராக அறிவிக்கப்பட்டார். காஸாவின் நேத்தன் லூறியாவின் மொழியிலேயே அதற்கு விளக்கமளித்தார். பல நாடுகளின் யூத சமூகங்கள் அதனை நம்பின. மறுத்தவர் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் ஹம்பேர்க்கில் வாழ்ந்த ரபி ஜேக்கப் சஸ்போற்றாஸ். அவர் கையிலெடுத்த அளவுகோல் மைமோனிடஸின் சட்டத்தொகுப்பில் இருந்தது: மீட்பரை அவர் நிறைவேற்றுவதை வைத்தே அறிய வேண்டும், நிறைவேற்றாதவர் மீட்பர் அல்லர். 1666 செப்டெம்பரில் துருக்கிய சுல்தானின் முன்னிலையில் சபத்தாய் இஸ்லாத்தைத் தழுவினார். அப்போதும் ஒரு பகுதியினர் விலகவில்லை. ஒளிப்பொறிகளை மீட்க மீட்பர் இருளுக்குள் இறங்கத்தான் வேண்டும் என்றனர். தோல்வியையே சான்றாக மாற்றிவிடும் கோட்பாட்டை எந்த நிகழ்வாலும் திருத்த முடியாது.

இதிலிருந்து மறைஞானத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. சிதறிய மக்களின் துயரத்திற்கும் அன்றாடச் செயலுக்கும் அது தந்த பொருளை மெய்யியல் தரவில்லை. ஆனால் அந்தப் பொருளைக் கேள்வி கேட்கும் உரிமையை மெய்யியலே காத்து வைத்திருந்தது. ஒரே மரபுக்குள் இரண்டும் ஒன்றையொன்று வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் இரண்டுமே வளர்ந்தன. கேள்வி கேட்டவர் துரோகியாகப் பார்க்கப்பட்ட 1666இல் சமூகம் பெரும் விலை கொடுத்தது. யூதர்களிடம் பாடம் கற்கவேண்டும் என்று அடிக்கடி சொல்லும் எம்மவர்கள், 1948ஐப் போலவே 1666ஐயும் படிக்க வேண்டும். எமது துயரத்திற்கு நாம் கற்பித்துக்கொண்ட பொருள்களில் எவற்றை இன்றும் கேள்விக்கு அப்பால் வைத்திருக்கிறோம் என்பதையும் இப்பக்கங்களில் விவாதிக்க வேண்டும்.