விதையையும் மூளையையும் காக்கும் ஒரு நொதி

திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணிக் காயலில் பூக்கும் தாமரைகள் கோயில்களுக்குப் போகின்றன. அதே இனத் தாமரையின் விதையொன்று சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், வறண்டுபோன ஏரிப் படுகையில் சுமார் 1,300 ஆண்டுகள் கிடந்த பிறகும் முளைத்தது. 1995-இல் இதை வெளியிட்ட ஜேன் ஷென்-மில்லர் குழுவினர் இன்னொன்றையும் கண்டார்கள். 'பிம்ட்' எனப்படும் நொதி, அந்தப் பழைய விதை முளைக்கும்போது இன்றைய தாமரை விதையில் இருப்பதற்கு இணையாகவே இயங்கியது.

இந்த நொதியின் வேலை என்ன?

புரதங்களுக்கும் முதுமை உண்டு. அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் அஸ்பாரஜின், அஸ்பார்டிக் அமிலம் இரண்டும் நாளடைவில் தாமாகவே உருமாறுகின்றன. அந்த இடத்தில் சங்கிலி கோணிக்கொள்கிறது. வடிவம் கெட்ட புரதம் தன் வேலையைச் சரிவரச் செய்யாது.

பிம்ட் அந்தக் கோணலைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு மெத்தில் தொகுதியைச் சேர்க்கிறது. சேர்ந்த தொகுதி நெடுநேரம் நிற்பதில்லை. அது கழலும்போது அந்த இடம் ஒரு வளையமாக மூடி, மறுபடி திறக்கிறது. திறப்பவற்றில் ஒரு பங்கு பழைய சரியான வடிவத்துக்குத் திரும்புகிறது. மீதி மீண்டும் பிம்டிடம் வருகிறது. சுற்று தொடரத் தொடர, பழுது குறைகிறது.

பெரும்பாலான நரம்பணுக்கள் பிரிந்து பெருகுவதில்லை; வாழ்நாள் முழுதும் அவையே உழைக்க வேண்டும். ஆகவே மூளைக்கு இந்தப் பழுதுபார்ப்பு இன்றியமையாதது. லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டீவன் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் பிம்ட் மரபணுவை நீக்கிய எலிகளை உருவாக்கினார்கள். அவற்றின் மூளையில் பழுதான புரதங்கள் குவிந்தன; பிறந்து சராசரியாக 42-ஆம் நாளில் வலிப்பு வந்து இறந்தன. இது 1997-இல் வெளியானது.

விதையின் நிலையும் இதுதான். உலர்ந்து உறங்கும் விதை புதுப் புரதம் செய்ய முடியாமல், இருப்பதைக் காத்தே முளைக்க வேண்டும். புதுதில்லியின் தேசியத் தாவர மரபணு ஆய்வு நிறுவனத்தில் மனோஜ் மஜீ குழுவினர் கொண்டைக்கடலையின் பிம்ட் பற்றி 2013-லும், நெல்லின் பிம்ட் பற்றி 2016-லும் ஆய்வுகளை வெளியிட்டார்கள். இந்த நொதி மிகுந்தால் விதையின் வீரியமும் ஆயுளும் கூடுவதை அவை காட்டின.

வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் கடலோரப் பகுதிகளில் சேமித்த விதை விரைவில் முளைப்புத் திறனை இழக்கிறது. ரகங்களைத் தேர்வு செய்யும்போது விளைச்சலையும் நோய் எதிர்ப்பையும் பார்க்கிறோம். விதை தன் புரதங்களைச் சீர்செய்துகொள்ளும் திறனையும் சேர்த்து அளக்க வேண்டும். சொந்த விதையை எடுத்துவைத்து விதைக்கும் சிறு விவசாயிக்கு அதன் பலன் நேரடியாகப் போய்ச் சேரும்.