கண்ணாடித் தகட்டில் நூறு வருஷச் சூரியன்!

சித்திரை வெயிலில் மதுரை வீதியில் நடப்பவர் யார்தான் சூரியனைத் திட்டாமல் இருந்திருப்பார்கள்? அந்தச் சூரியனைத் தினமும் விசாரிப்பதையே வேலையாகக் கொண்ட இடம் ஒன்று நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினால், சுமார் 120 கிலோமீட்டர். அதுதான் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையம்.

பஞ்சத்தில் பிறந்த கேள்வி

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தாது வருஷப் பஞ்சம் சூறையாடியது. லட்சக்கணக்கான மக்கள் மாண்டனர். மழை ஏன் பொய்த்தது? சூரியனில் தோன்றும் கறுப்புப் புள்ளிகளுக்கும் பருவ மழைக்கும் சம்பந்தம் உண்டோ?

இந்தக் கேள்வியும் சேர்ந்துதான் மலைமேல் நிலையம் அமையக் காரணமாயிற்று. 1904-ல் படம் பிடிக்கும் வேலை ஆரம்பமாயிற்று. மேகம் விலகிய நாளெல்லாம் சூரியனின் முழு முகத்தையும் ஒரே தகட்டில் பதித்தார்கள். ஊழியர்கள் மாறினார்கள், வேலை நிற்கவில்லை.

மழையை முன்கூட்டிச் சொல்லும் வித்தை அகப்படவில்லை. ஆனால் 1909-ல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, கறுப்புப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார்.

பூட்டு திறந்தது!

முன்பு இந்தத் தகடுகளைப் பார்க்க மலை ஏற வேண்டும். கைதவறினால் கண்ணாடி உடையும். இன்று இந்திய வானியற்பியல் நிறுவனம் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இன்டர்நெட் மூலம் எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இதில் என்ன லாபம்? கறுப்புப் புள்ளிகள் சுமார் 11 வருஷத்துக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன. ஒருவர் தம் உத்தியோக காலத்தில் மூன்று சுற்று பார்த்தாலே அதிகம். நூறு வருஷப் படங்களிலோ ஒன்பது சுற்றுகள்! சூரியனில் எழும் புயல், செயற்கைக்கோள்களையும் ரேடியோவையும் தாக்கக்கூடியது. அதன் போக்கை அறியப் பழைய கணக்கு வேண்டும்.

உலகமும் இந்த வழியில்தான் போகிறது. சிலி நாட்டு மலைமேல் உள்ள வேரா ரூபின் நிலையம், 2025 ஜூன் 23-ந் தேதி தன் முதல் படங்களை வெளியிட்டது. அதன் காமிரா, 45 முழு நிலவுகள் அடங்கும் வானத்தை ஒரே படத்தில் பிடிக்கும்!

பஞ்ச காலத்துக் கேள்விக்காக எடுத்த படம், செயற்கைக்கோள் காலத்துக்கு உதவுகிறது. நாளை எதற்கு உதவும்? அதைச் சொல்லப்போகிறவர் மதுரைக் கல்லூரி மாணவி ஒருத்தியாகவும் இருக்கலாம். அவளுக்கு டெலஸ்கோப் வேண்டாம், பொறுமை போதும்.

உங்கள் தாத்தா பிறந்த அன்று சூரியன் முகத்தில் எத்தனை புள்ளிகள்? அன்று கொடைக்கானலில் மேகம் மறைக்காமல் இருந்திருந்தால், விடை உங்களுக்காகக் காத்திருக்கிறது!